செல்லம்மாவின் ஆட்சேபணை

நன்னடத்தை அலுவலர் கத்திவாக்கத்துக்கு வந்தபோது கெங்கம்மா வாசலில் கோணிப்பையை விரித்துச் சென்னாக்குன்னிப் பொடி இறாலைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனி மாதத்து வெயில். மேற்கிலிருந்து அடித்த காற்று அனலாக இருந்தது. கடல்காற்று எழும்ப மூன்று மணியாவது ஆகும். அதற்குள் குன்னி நன்றாக முறுகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை வந்தவர்கள் ஆண்கள். வாசலில் நின்றபடியே கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது வந்திருப்பவள் எழில்மொழி என்ற பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கோணிப்பையை மிதிக்காமல் சுற்றி வந்து, உள்ளே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் ரகுபதிக்கு முன்விடுதலை மனு மறுபடி போயிருக்கும்மா. வயசு அறுபத்தேழு. இருபத்துநாலு வருஷம் முடிச்சிட்டார். உடம்பும் சரியில்ல. அவர் வந்தா நீங்க வெச்சிப் பாத்துப்பீங்களான்னு கேட்டு எழுதணும்."

"ரெண்டு தபா சொல்லிகீறேன், பாத்துக்கறேன்னு. அப்பறமும் அனுப்பல."

"தெரியும்." எழில்மொழி கோப்பைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். "ரெண்டு தடவையும் எதிர்த்தரப்பு வீட்ல ஆட்சேபணை சொன்னாங்க. அவங்களும் இதே குப்பம். அவர் திரும்பி வந்தா பிரச்சினை வரும்னு அறிக்கை போச்சு. இந்தத் தடவையும் அவங்களக் கேட்டாகணும்."

எதிர்த்தரப்பு வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. அந்த வீட்டுக்காரி செல்லம்மா எண்ணூர் மார்க்கெட்டில் ஆறு இடம் தள்ளி உட்கார்ந்து மீன் விற்கிறாள். ஒரே மார்க்கெட், ஒரே ஐஸ் வண்டி, ஒரே குழாய். இருபத்துநாலு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. ஐஸ் மிஞ்சிப்போனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் அடைக்கலமேரியிடம் கொடுப்பார்கள். அவள் அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள். யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

"இன்னொரு விஷயம்மா," என்றாள் எழில்மொழி. "அவருக்கு ஞாபகம் தவறுது. ஆஸ்பத்திரி வார்டுல வெச்சிருக்காங்க. போன தடவை பாக்கும்போது கவனிச்சீங்களா?"

கவனிக்காமல் என்ன. போன மாதம் மனு போட்டுப் பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "கெங்கா, வலைய வெயில்ல போட்டியா?" என்றுதான் ரகுபதி கேட்டான். ஏதோ பழைய பேச்சு என்று நினைத்துக்கொண்டாள். அவள் கிளம்பும் நேரத்தில் மறுபடி அதையே கேட்டான். வயசாகிறது என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று சாயங்காலம் மகள் மலர் வேலை முடிந்து வந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. மெட்ரோவில் விம்கோ நகர் வரைக்கும் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வந்தவுடன் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

கெங்கம்மா நெத்திலிக் குழம்பை ஊற்றியபடி விஷயத்தைச் சொன்னாள்.

"வந்தா எங்க வெச்சிப்ப?" என்றாள் மலர்.

"இங்கதான்."

"ஒரு ரூமு. அவரு, நீ, நானு. லாரி வந்துச்சின்னா எம் புருசன் வேற."

"அவரு அவருன்றியே. நைனான்னு சொல்ல மாட்டியா?"

"ஏழு வயசுல பாத்தது எம்மா. அப்பறம் கம்பிக்கு அந்தாண்ட பாத்தது. ஸ்கூல்ல ஒரு புள்ள எங்கூடக் குந்த மாட்டன்னுச்சி, வெட்டுனவன் பொண்ணுன்னு. அத்தல்லாம் நான் உங்கிட்ட வந்து சொன்னனா?" மலர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "வேணான்னு சொல்லல. உன்னால முடியுமான்னுதான் கேக்கறேன். உனக்கும் அறுவது ஆவுது."

"செல்லம்மா வுடுவாளா, அத்தச் சொல்லு மொதல்ல."

"அது எப்டி வுடும். நானா இருந்தாலும் வுட மாட்டேன்."

மலர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் கெங்கம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

ரகுபதியும் செல்லம்மாவின் புருஷன் வெற்றியும் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். ஒருத்தனை ஒருத்தன் மாமு என்றுதான் கூப்பிடுவான். வெற்றியின் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்தவன் ரகுபதி. கடல் ஓய்ந்த நாட்களில் இருவரும் கழிமுகத்தில் இறாலுக்கு வலை கட்டுவார்கள். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊரில் முறை உண்டு. அந்த ஐப்பசியில் ஒரு முறைநாள் பற்றிப் பேச்சு வந்தது. இருவருமே குடித்திருந்தார்கள். படகில் கயிறு அறுக்கும் கத்தி கிடந்தது. கரையில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ரகுபதி வெற்றியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமு, மாமு" என்று கத்திக்கொண்டிருந்தான். படகைக் கரையில் தள்ளிவிட்டு அவனே நடந்து ஸ்டேஷனுக்குப் போனான். கோர்ட்டில் ஒன்றையும் மறுக்கவில்லை, ஒன்றையும் சொல்லவும் இல்லை. ஆயுள் தண்டனை என்றார்கள். செல்லம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. இடுப்பில் மூன்று வயதுப் பையன்.

நாலு நாள் கழித்து, மார்க்கெட்டில் காலை நேரக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கெங்கம்மா மிச்சமிருந்த காரப்பொடி மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது எதிரில் நிழல் விழுந்தது. வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, "கூறு நாப்பது, எட்துக்கோ" என்றபடி நிமிர்ந்தாள். செல்லம்மா நின்றிருந்தாள்.

ஆறு இடம் தள்ளிப் பார்த்துப் பழகிய முகம், பக்கத்தில் வேறாக இருந்தது. முன்தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குத்தி இருந்த துளை தூர்ந்துபோயிருந்தது.

"அடுத்து என்னிக்கிப் பாக்கப் போற?" என்றாள் செல்லம்மா.

கெங்கம்மாவுக்கு முதலில் புரியவில்லை.

"புழலு ஜெயிலுக்கு. என்னிக்கிப் போற?"

"வெசாயக்கெயம."

"நானும் வரேன். அந்த எய்த்துக்காரம்மா கேக்குது, ஆட்சேபண கீதா இல்லியான்னு. பாத்துட்டுச் சொல்றேன்னுட்டேன். உள்ள உட அதுவே ஏற்பாடு பண்ணுதாம்." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தன் இடத்தில் உட்கார்ந்து, பாதியில் விட்ட சங்கராவை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தாள்.

அடைக்கலமேரி கெங்கம்மாவைப் பார்த்தாள். "இன்னாடி சொல்லுது?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் கெங்கம்மா. தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். ஒன்றாகக் கிளம்பவில்லை. கெங்கம்மா ஸ்டாப்பில் நின்றிருந்தாள், செல்லம்மா பத்தடி தள்ளி வந்து நின்றாள். பஸ்ஸில் ஒரே சீட்டுத்தான் காலியாக இருந்தது, இருவர் உட்காரக்கூடியது. கெங்கம்மா ஜன்னல் ஓரமாக ஒதுங்கினாள். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. மணலி தாண்டியது.

"மாசா மாசம் போறியா?" என்றாள் செல்லம்மா, முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி.

"முன்னல்லாம் மாசம் ரெண்டு தபா. இப்ப முட்டி வலி. ஒரு தபாதான்."

"இன்னா கொண்டும் போவ?"

"பிஸ்கட்டு. வாயப்பயம். கருவாடு வுட மாட்டாங்க."

செல்லம்மா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானு ஒரு தபாகூட அந்தப் பக்கம் வந்ததில்ல" என்றாள். மாதவரம் வந்ததும் கீழே இறங்கி வேறு பஸ் மாறினார்கள். படி ஏறும்போது கெங்கம்மாவின் முட்டி மடங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளிவிட்டது. கெங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

எழில்மொழி முன்னாலேயே வந்து காத்திருந்தாள். நோயாளி என்பதால் கண்ணாடித் தடுப்பு இல்லாமல் ஓர் அறையில் பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். பையைச் சோதித்தார்கள், கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஒரு பெஞ்சு, ஒரு மேசை, சுவரோரம் ஒரு காவலர். எழில்மொழி வாசலில் நின்றுகொண்டாள்.

ரகுபதியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர் இன்னொரு கைதி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், மீசை இல்லாத தாடி. நசீர் என்று கெங்கம்மாவுக்குத் தெரியும். ராயபுரத்துக்காரர். அவரும் ஆயுள் தண்டனைதான். ரகுபதியின் கடிதங்களை எழுதித் தருவது அவர்.

கெங்கம்மாவே திடுக்கிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த ஆள் வேறு, நடந்து வருகிற ஆள் வேறு. படகு எஞ்சினைத் தனியாளாகத் தோளில் தூக்கிப்போனவன், இப்போது தரையில் எதையோ தேடுகிறவனைப் போலக் காலை இழுத்து இழுத்து வைத்தான். வெள்ளைச் சட்டைக்குள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தும் உட்காராமல் நின்றான். காவலர், "குந்து பெருசு" என்ற பிறகுதான் உட்கார்ந்தான்.

"யாரு வந்துகீறாங்க பாரு அண்ணாத்த," என்றார் நசீர்.

"கெங்கா," என்று சிரித்தான் ரகுபதி. முன்பற்கள் இரண்டு இல்லை. "மடவ மீனு வந்துகிதா? தண்ணி கலங்கிகினு கெடக்குதே."

"வந்துகிது," என்றாள் கெங்கம்மா.

"உள்ள இருக்கசொல்ல வயசாவறது தெர்ல அண்ணி," என்று நசீர் தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னார். "தெனிக்கும் பாக்கற மூஞ்சி. திடீர்னு ஒருநாளு பாத்தா பல்லு வெளக்கற பிரஷ்ல தல வாரிகினு கீறாரு. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிது. காலைல பேரு கூப்புடசொல்ல எய்ந்து நிக்கணும்னு மட்டும் மறக்கறதில்ல. மத்ததல்லாம் நான்தான் சொல்லணும். துன்னச் சொன்னாத்தான் துன்னுவாரு."

அதற்குள் ரகுபதியின் பார்வை செல்லம்மாமேல் நின்றது. அவள் பெஞ்சின் அந்த ஓரத்தில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரகுபதியின் முகம் மலர்ந்தது.

"வா தங்கச்சி. எப்ப வந்த? வூட்ல எல்லாம் நல்லாகீறாங்களா? புள்ள நடக்குதா?"

செல்லம்மா முந்தானையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"மாமு ஏன் வர்ல? ரெண்டு நாளா ஆளையே காணோம். வலைக்கு ஈயம் கட்டணும்னு சொல்லிகினு இருந்தான்."

"யாரக் கேக்கற?" செல்லம்மாவின் குரல் வறண்டு வந்தது.

"வெற்றியத்தான். வேற யாரு."

எழில்மொழி வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தாள். செல்லம்மா அவளைப் பார்க்காமலே கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"வெற்றி செத்துட்டான்."

ரகுபதி சிரித்தபடியே அவளைப் பார்த்தான். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "இன்னா தங்கச்சி சொல்ற?"

"செத்துட்டான். வெட்டிட்டாங்க."

"யாரு?"

"நீதான்."

அந்த வார்த்தை ரகுபதிக்குள் எங்கே போய் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் நசீரைப் பார்த்தான், கெங்கம்மாவைப் பார்த்தான். உதடு கோணியது. "எம் மாமுவ வெட்டிட்டாங்களா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, நெஞ்சில் கையால் தட்டித் தட்டி அழத் தொடங்கினான். "எடுத்துட்டீங்களா? எல்லாம் முடிஞ்சிபோச்சா? எனக்கு ஏன் சொல்லி அனுப்பல? ஒரு ஆளு அனுப்பிருந்தா ஓடியாந்திருக்க மாட்டனா. மொகத்தக்கூடக் காட்டலியே தங்கச்சி. எங்கூடத்தானே வருவான். தனியா ஏன் அனுப்புன?"

செத்த வீட்டில் அழுகிற அழுகை அது. கெங்கம்மா எழுந்து அவன் தோளைப் பிடித்தாள். காவலர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நசீர் தண்ணீர் கொடுத்தார், துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார். "செரி அண்ணாத்த, செரி. தண்ணி குடி. முழுங்கு." ரகுபதி விக்கி விக்கிக் குடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக விக்கல் அடங்கியது. கெங்கம்மா வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்தாள். துன்னு என்று நசீர் சொன்னதும் தின்றான். பாதி தின்றுகொண்டிருக்கும்போது நிமிர்ந்தான்.

"வா தங்கச்சி. எப்ப வந்த? மாமு வர்லியா?"

செல்லம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வெளிக் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. கெங்கம்மா வந்து பார்த்தபோது செல்லம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த டீ ஆறி ஆடை படிந்திருந்தது. கெங்கம்மா தள்ளி நின்றாள். என்ன சொல்வது. இருபத்துநாலு வருஷமாகச் சொல்ல நினைத்தது எத்தனையோ இருந்தது.

"குந்து," என்றாள் செல்லம்மா. கெங்கம்மா உட்கார்ந்தாள்.

"படகுல ரெண்டு பேருதான் இருந்தாங்க. உயிரு போவசொல்ல அவன் எதுனா சொன்னானா, தண்ணி கேட்டானா, புள்ளயக் கேட்டானா, இவனுக்கு மட்டுந்தான் தெரியும். கோர்ட்ல வாயத் தொறப்பான்னு பாத்தேன். தொறக்கல. எனக்கு ஆத்திரம். அந்த ஆபிசரு வரசொல்லல்லாம் வுடாத, வுடாதன்னு சொன்னேன். ஒரு நாளு வந்து இவன நேருக்கு நேரா கேட்ருக்கலாம். மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு வைராக்கியம். இன்னிக்கிக் கேக்கலாம்னுதான் வந்தேன்." டீயைக் கீழே ஊற்றினாள். "பூட்டுது. இவன் ஞாபகத்தோட அதுவும் பூட்டுது."

கெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவன் அய்தான் பாத்தியா," என்றாள் செல்லம்மா. "வெற்றி செத்தப்ப எங்க மாமியாரு அப்டி அய்துச்சி. அதுக்கப்பறம் அவனுக்காவ யாரும் அய்யல. இன்னிக்கி இவன் அய்யறான். இன்னா கருமம்டி இது. நான் இன்னா பண்றது?"

"எனக்குத் தெர்ல செல்லா," என்றாள் கெங்கம்மா. பழைய பேர் தானாக வாயில் வந்துவிட்டது. செல்லம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. பஸ் வந்தது. திரும்பும்போது தனித்தனி சீட்டு கிடைத்தது.

அடுத்த வாரம் எழில்மொழி வந்து சொன்னாள். செல்லம்மா, "அவன் வந்தாலும் வராட்டியும் எனக்கு ஒண்ணுதான்னு எய்திக்கோ" என்றாளாம். அப்படி எழுத முடியாது, ஆட்சேபணை உண்டு, இல்லை, இரண்டில் ஒன்று சொல்லவேண்டும் என்று எழில்மொழி சொல்லியிருக்கிறாள். செல்லம்மா வெகுநேரம் மீன் கழுவிக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல" என்றாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மன்னிச்சிட்டேன்னு மட்டும் எங்கியும் எய்திடாத" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாளாம்.

"எழுதினீங்களா?" என்று கெங்கம்மா கேட்டாள்.

"இல்லம்மா. அவங்க சொன்னத மட்டும்தான் எழுதினேன்."

உத்தரவு வர மூன்று மாதம் ஆனது. ஐப்பசியில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கெங்கம்மாவும் மலரும் போய் ரகுபதியை ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். கையில் ஒரு துணிமூட்டை. அதற்குள் நசீர் எழுதிய ஒரு தாள். என்னென்ன மாத்திரை, எந்த நேரம், வெந்நீர் எவ்வளவு சூடு, கோபம் வந்தால் என்ன பேசவேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மலர் ஆட்டோவிலேயே அதைப் படித்துவிட்டு, போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவன் சுவரோரம் குந்தினான். சொன்னால் எழுந்தான், சொன்னால் தின்றான். தின்ற தட்டைத் தானே கழுவி, மலரிடம் நீட்டிவிட்டு நிற்பான். அவளை யாரோ அதிகாரி என்று நினைத்திருந்தான். "மேடம், வெளிய போயிட்டு வரட்டா?" என்று கேட்பான். முதல் நாள் மலர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் முட்டைக் குழம்பு. அவன் அரை முட்டையைத் தின்றுவிட்டு, மற்ற பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை மலர் பார்த்தாள்.

"அத்த ஏன் பாக்கெட்ல போடற? சட்டல்லாம் கொழம்பு."

"நசீருக்கு. அவனுக்கு இன்னிக்கி முட்ட கெடையாது."

மலர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டியிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். "நசீருக்கு இது. நான் வெச்சிகீறேன். நீ உன்னோட்த துன்னு நைனா."

கெங்கம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

பத்து நாள் ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள், கெங்கம்மா மார்க்கெட்டிலும் மலர் வேலையிலும் இருந்தபோது, ரகுபதி கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். பக்கத்து வீட்டுத் தண்டபாணி சாப்பாட்டு வேளைக்கு எட்டிப் பார்த்தவன், ஆள் இல்லாததைக் கண்டு தேடிப் போனான். கழிமுகத்துப் பக்கம் ரகுபதி இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தானாம். படகு எங்கே என்று கேட்டானாம்.

"வெளில ஒரு தாப்பா போடுக்கா," என்றான் தண்டபாணி. "நீ மார்க்கெட்டுக்குப் போவசொல்ல வெளிப்பக்கம் போட்டுட்டுப் போ. தண்ணில எறங்கிட்டா அப்பறம் இன்னா பண்ணுவ?"

அன்றே மலர் ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் வாங்கிவந்தாள். கெங்கம்மா அவற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிய தாப்பா போட்ட வூட்ல இருந்துதான கூட்டியாந்தோம்," என்றாள் கடைசியில். "நான் என் கையால போட மாட்டேன்டி."

"அப்ப இன்னா பண்ணுவ?"

"எங்கூட இட்டுகினு போறேன்."

"மார்க்கெட்டுக்கா? அங்க அந்த செல்லம்மா கீதே."

"கீது. தெரியும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஐஸ் வண்டி வந்துபோன பிறகு, கெங்கம்மா ரகுபதியைக் கைப்பிடித்து மார்க்கெட்டுக்குள் கூட்டிவந்தாள். காலடியில் மீன் தண்ணீர் ஓடியது. இரண்டு பக்கமும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சின்னவர்களுக்கு அவனைத் தெரியாது. பெரியவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டார்கள். தன் இடத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து அவனை உட்காரவைத்தாள். கிழங்கான் மீனைத் தட்டில் பரப்பினாள். தலையை நிமிர்த்தாமலே பரப்பினாள்.

ஆறு இடம் தள்ளி செல்லம்மா ஒரு வாடிக்கைக்காரிக்கு வவ்வால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பார்க்காததுபோல இருந்தாள்.

கொஞ்ச நேரம் ரகுபதி அமைதியாக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். கெங்கம்மா காசு வாங்கி முடிச்சுப் போடுவதற்குள் அடைக்கலமேரியைத் தாண்டிப் போய்விட்டான். கெங்கம்மா முட்டியை ஊன்றி எழுவதற்குள் செல்லம்மாவின் எதிரில் நின்றிருந்தான்.

"தங்கச்சி," என்றான். ஊருக்கே கேட்கிற குரல், படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரல். "மாமு கெளம்பிட்டானா? மொற நாளு இன்னிக்கி. நேரமாவுது. கூப்புடு அவன."

மார்க்கெட்டில் கத்திகள் நின்றன. யாரோ ஒருத்தி, "ஐயையோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கெங்கம்மா பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஆளைக் கூட்டிவந்ததே தப்பு, செல்லம்மா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தாள். மறுபடியும் உண்மையைச் சொல்வாள், இவன் இந்த மார்க்கெட்டின் நடுவில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொள்வான். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

செல்லம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்தில் இருந்த வாளியில் கையைக் கழுவினாள். ரகுபதியை நிமிர்ந்து பார்த்தாள். சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஆவலோடு நின்றிருந்தான், பதிலுக்காக.

"அவன் முன்னாடியே பூட்டான்," என்றாள்.

"பூட்டானா? எனக்காவ நிக்கலியா?"

"நிக்கல. நீ லேட்டு."

ரகுபதி கழிமுகம் இருக்கும் திசையைப் பார்த்தான். மார்க்கெட்டின் தகரக் கூரைதான் தெரிந்தது. "செரி," என்றான். "பரவால்ல. அவன் பாத்துப்பான்."

"போய் குந்து. அங்க, அதாண்ட." தாடையால் கெங்கம்மாவின் பக்கம் காட்டினாள்.

குந்தச் சொன்னதும் அவன் திரும்பி நடந்தான். கெங்கம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்த்தாள்.

"இன்னிக்கிச் சொல்ட்டேன்," என்றாள் செல்லம்மா அவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. "தெனிக்கும் சொல்வனான்னு தெர்ல. எங்கையில எதிர்பாக்காத."

"எதிர்பாக்கல," என்றாள் கெங்கம்மா.

வாடிக்கைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று தயங்கி நின்றாள். செல்லம்மா வவ்வாலின் மற்றப் பாதியை எடுத்து அரிவாள்மணைமேல் வைத்தாள். "இன்னாம்மா நிக்கற," என்றாள். "கொழம்புக்கா, வறுக்கவா?"